30,000 ரூபாயில் வாடகை வீட்டை அழகாக்க முடியுமா?

கேள்வி: புதிதாகத் திருமணமானவர்கள் நாங்கள். திருச்சியில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிறோம். கையில் 30,000 ரூபாய்தான். சோபா, டிவி யூனிட், திரைச்சீலை, சுவருக்கு ஸ்டிக்கர் என்று ஆசை மட்டும் நீள்கிறது. சோபாவை வட்டியில்லாத இஎம்ஐயில் எடுக்கலாம் என்கிறார் கணவர். எதில் தொடங்குவது?

பதில்: பல்பில் தொடங்குங்கள். சிரிக்காதீர்கள். வாடகை வீடுகளில் பெரும்பாலும் ஹாலுக்கு ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் பளீரென்ற வெள்ளை. அந்த வெளிச்சத்தில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சோபாவும் ஆஸ்பத்திரி பெஞ்சு மாதிரிதான் தெரியும். எல்இடி பல்பு அட்டைப்பெட்டியில் 6500கே என்றிருந்தால் வெள்ளை வெளிச்சம். 2700கே அல்லது 3000கே என்றால் இதமான மஞ்சள். ஹால் மூலையில் ஒரு ஸ்டாண்டு விளக்கு, படுக்கையறையில் ஒன்று என மஞ்சள் வெளிச்சம் வையுங்கள். படிக்கும் மேசைக்கும் சமையலறைக்கும் வெள்ளையே இருக்கட்டும்.

அடுத்தது துணி. ரெடிமேட் திரைச்சீலை 5, 7, 9 அடி உயரங்களில் வரும். ஒரு துண்டின் அகலம் பெரும்பாலும் 4 அடி. 4 அடி ஜன்னலுக்கு ஒரு துண்டு போதும் என்று வாங்கினால், இழுத்து மூடும்போது விறைத்த போர்வை போல நிற்கும். கம்பியின் நீளத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு அழகாக விழும். கம்பியை ஜன்னலுக்கு நாலைந்து அங்குலம் மேலே, இரு பக்கமும் கொஞ்சம் நீட்டி மாட்டினால் ஜன்னலே பெரிதாகத் தெரியும். சுவரில் துளை போடும் முன் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

நீங்கள் இருப்பதோ திருச்சி. கரூர் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றுமதிக்காகத் திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் நெய்கிற ஊர். ஏற்றுமதியில் மிஞ்சிய சரக்கு அங்கே கடைகளில் கிடைக்கும். ஓரத் தையலையும், துணி முழுக்க ஒரே நிறமாக இருக்கிறதா என்பதையும் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து வாங்குங்கள். தரைக்கு ஒரு பவானி ஜமக்காளம், இரண்டு திண்டு, நாலு தலையணை இருந்தால் விருந்தாளிகள் தாராளமாக உட்காரலாம். பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் விசைத்தறியில் நெய்த மலிவுச் சரக்கும் அதே பெயரில் விற்கிறது. கைத்தறி முத்திரையைக் கேளுங்கள், அல்லது கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி நாட்களில் வாங்குங்கள்.

டிவி யூனிட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 'இன்ஜினியர்டு உட்' என்று போட்டிருந்தால், என்ன பலகை என்று கேளுங்கள். விலை குறைந்தவற்றில் பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டுதான் இருக்கும். தண்ணீர் பட்டால் உப்பும். அதைவிட முக்கியம், ஒருமுறை கழற்றி மாட்டினாலே ஸ்குரு பிடிப்பு தளர ஆரம்பிக்கும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு வீடு மாற்றுவது எப்படியும் வரும். டிவியைச் சுவரில் மாட்டி, கீழே ஒரு பழைய மர பெஞ்சைத் துடைத்து வார்னிஷ் அடித்துப் போடுங்கள்.

சரி, சோபா. கடையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை?" விலை இறங்கினால், அந்த வித்தியாசம்தான் 'இல்லாத' வட்டி. அதற்கு மேல் பிராசஸிங் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் இருக்கலாம். சோபா ஒரு வருடம் காத்திருக்கட்டும் என்பதே என் கருத்து. பழையது வாங்கினால், தையல் இடுக்கில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சுவர் ஸ்டிக்கர் வேண்டாம். டிஸ்டெம்பர் அடித்த சுவரில் உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும், அட்வான்ஸில் கழிப்பார்கள். ஓதம் ஏறிய சுவராக இருந்தால் முதலில் உரிமையாளர் அதைச் சரிசெய்ய வேண்டும். அதன் மேல் என்ன ஒட்டினாலும் நிற்காது.

கேள்வி: வாங்கிய திரைச்சீலை முதல் சலவையிலேயே சாயம் போய்விட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் காட்டிக் கடைக்காரர் அனுப்பிவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலக்கெடு எதுவும் இல்லையென்றால், 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது கணக்கு. ஆனால் நிறம் பிடிக்கவில்லை, அளவு தப்பாகிவிட்டது என்பதெல்லாம் குறையில் வராது. அது கடைக்காரரின் பெருந்தன்மை. லேபிளில் 'டிரை கிளீன் மட்டும்' என்றிருந்ததை நீங்கள் வாஷிங் மெஷினில் போட்டிருந்தாலும் வாதம் நிற்காது.

பில், லேபிள், சாயம் போன துணி மூன்றையும் படமெடுத்து முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

கேள்வி: சமையலறை அலமாரிக்கு 'வாட்டர்ப்ரூஃப்' பிளைவுட் என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். நம்பலாமா?

பதில்: வாய்ச்சொல்லை விடுங்கள், பலகையில் அச்சடித்திருக்கும் ஐஎஸ் எண்ணை, அதாவது இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். ஐஎஸ் 710 என்றால் மரைன் பிளைவுட். சிங்க்குக்குக் கீழே அதுதான் சரி. ஐஎஸ் 303-ல் எம்ஆர், பிடபிள்யூஆர் (கொதிநீரைத் தாங்குவது) என இரண்டு தரம் உண்டு. எம்ஆர் ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பரணுக்கும் ஷோகேஸுக்கும் போதும். ஐஎஸ்ஐ முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம்.