ஆயுதம் போட்டு எடுக்கலாமா?

கேள்வி: எனக்குத் தலைப்பிரசவம், ஒன்பதாம் மாதம். வாக்குவம் (குழந்தையின் தலையில் கிண்ணம் வைத்து உறிஞ்சி இழுப்பது) வேண்டாம், நேராகச் சிசேரியன் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுக்கலாமா? அக்கா மகனுக்கு உச்சந்தலை கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.
– வாசகி, தேனி

பதில்: கொடுக்கலாம், உங்கள் உரிமை. அந்தக் கொழுக்கட்டையை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன் அம்மா. கிண்ணம் உறிஞ்சிய இடம் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அமுங்கிவிடும். கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறந்து, தலையும் நன்றாக இறங்கிவிட்டால் நான் கிண்ணத்தைத்தான் எடுப்பேன். அப்போது வயிற்றைத் திறந்தால், இடுப்பெலும்புக்குள் சிக்கிய தலையை மேலே கொண்டுவர வேண்டும். கர்ப்பப்பை கிழியலாம், ரத்தப்போக்கும் கூடும். தலை மேலேயே நின்றால் பேச்சே இல்லை, சிசேரியன்தான். மூன்று இழுப்பில் தலை அசையாவிட்டாலும் அப்படித்தான். கிண்ணம் வைத்தால் பெரும்பாலும் கீழே தையல் விழும், அதை மறைக்கமாட்டேன். சரி, "தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது?" என்று அந்த நேரத்தில் டாக்டரிடம் கேளுங்கள்.