நியூசிலாந்தில் கேம்பர்வேன்: பத்து இரவுக்கு ஒரு தீவே போதும்

கேள்வி: பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். அத்தான் இந்த வருடம் வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறார்கள். நியூசிலாந்தில் கேம்பர்வேன் (படுக்கை, சமையல் வசதியுள்ள வேன்) எடுத்து, நாங்கள் இருவர் மட்டும் ஏரி, பனியாறு, கடற்கரை எல்லாம் சுற்றி வர ஆசை. மே மாதம் போகலாம் என்றிருக்கிறோம். கையில் பத்து இரவு. வடக்கு, தெற்கு இரண்டு தீவையும் பார்த்துவிட முடியுமா? நாங்கள் சைவம். வேனில் சமைக்கலாமா? கழிப்பறைக்கு என்ன வழி?

பதில்: அக்கா, இரண்டு தீவையும் பத்து இரவுக்குள் அடக்க வேண்டாம். வடக்குத் தீவின் வெலிங்டனிலிருந்து தெற்குத் தீவின் பிக்டனுக்குக் கப்பல் பயணமே மூன்றரை மணி நேரம். காத்திருந்து ஏறி இறங்குவதற்குள் ஒரு பகல் போய்விடும். நீங்கள் கேட்ட ஏரி, பனியாறு, கடல் மூன்றும் தெற்குத் தீவிலேயே இருக்கின்றன. மே மாதத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். இங்கே அக்னி நட்சத்திரம் நடக்கும்போது அங்கே குளிர்காலம் தொடங்கப் போகிறது. மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடும். கணவாய்ச் சாலைகளில் காலையில் உறைபனி படிந்து வழுக்கும். மார்ச் மாதம் போனால் கோடைக் கூட்டம் குறைந்திருக்கும், ஏழரை மணி வரை வெளிச்சமும் இருக்கும்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்கியதும் முதல் இரவு ஓட்டலில் தூங்குங்கள். நீண்ட விமானப் பயணம் முடித்த கையோடு, பழகாத பெரிய வண்டியை எடுக்கவே கூடாது. மறுநாள் வேனோடு டெக்கப்போ ஏரி, சுமார் 230 கிலோமீட்டர். அங்கே ஓர் இரவு, அவராக்கி மவுண்ட் குக் அடிவாரத்தில் இரண்டு, வனாக்காவில் இரண்டு. பிறகு ஹாஸ்ட் கணவாய் கடந்து மேற்குக் கரையில் பனியாறு உள்ள ஃபிரான்ஸ் ஜோசப், அங்கேயும் இரண்டு. அடுத்து கடலோரம் புனகைக்கியில் ஒன்று. கடைசியாக 920 மீட்டர் உயர ஆர்தர்ஸ் பாஸ் வழியாகக் கிறைஸ்ட்சர்ச் திரும்பி ஓர் இரவு. தென்மேற்கு மூலையில் மலைகளுக்கு நடுவே கடல் புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்டை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அதைச் சேர்த்தால் இரண்டு நாள் கூடும். அந்த இரண்டு நாளை மலையடிவாரத்திலிருந்துதான் பிடுங்க வேண்டியிருக்கும்.

ஃபிரான்ஸ் ஜோசப்பில் ஏன் இரண்டு இரவு என்றால், மழைக்காக. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலை தாண்டி நமக்குச் சாரலும் காற்றுமாக வந்து சேர்கிறதல்லவா, அங்கேயும் அதே கணக்குதான். டாஸ்மன் கடலிலிருந்து வரும் மேற்குக் காற்று தென் ஆல்ப்ஸ் மலையில் மோதி மேலேறுகிறது. கரையோரத்து ஹொக்கிடிக்காவில் ஆண்டுக்கு 2,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மலைக்குக் கிழக்கே டெக்கப்போவில் அதில் கால் பங்கு அளவுதான். ஆகவே மேற்குக் கரையில் ஒரு நாள் மழையில் போகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது நாள் வானம் திறந்தால், பக்கத்து ஃபாக்ஸ் கிராமத்தின் மேத்திசன் ஏரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள். காற்று எழும்புமுன் மலைச் சிகரங்கள் தண்ணீரில் அப்படியே தெரியும். 2019 மார்ச்சில் பெய்த பெருமழையில் ஃபிரான்ஸ் ஜோசப் பக்கம் வைஹோ ஆற்றுப் பாலமே அடித்துப் போனது. சாலை திறந்திருக்கிறதா என்று தினமும் காலையில் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும். வனாக்காவில் டேங்கை நிரப்பிவிடுங்கள். ஹாஸ்ட் பக்கம் பெட்ரோல் பங்குகள் வெகு தூரத்துக்கு ஒன்று. செல்போன் சிக்னலும் பல இடங்களில் கிடைக்காது.

பனியாறு பற்றி ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய படங்களில் இருப்பதுபோல ஃபிரான்ஸ் ஜோசப் பனியில் நடந்தே போய்க் கால் வைக்க இப்போது முடியாது. பனி உருகிப் பின்வாங்கிவிட்டது. தூரத்திலிருந்து பார்க்கலாம், மேலே நிற்க வேண்டுமானால் ஹெலிகாப்டர்தான், அதுவும் வானம் தெளிந்தால். எனக்குக் கேட்டால் மவுண்ட் குக் பக்கத்து டாஸ்மன் பனியாறுதான் மனதில் தங்கும். படியேறிப் பார்வை மேடைக்குப் போனால் கீழே சாம்பல் நிற ஏரி, அதில் மிதக்கும் பனிக்கட்டிகள். 1970-களுக்கு முன் அங்கே அந்த ஏரியே கிடையாது. பனி உருகி உருகித் தேங்கிய தண்ணீர் அது. டெக்கப்போ, புக்காக்கி ஏரிகளின் பால் கலந்த நீலத்துக்கும் பனியாறுதான் காரணம். அது பாறையை மாவாக அரைத்து அனுப்புகிறது, அந்த மாவு தண்ணீரில் மிதந்து ஒளியைச் சிதறடிக்கிறது. டெக்கப்போ இரவை அமாவாசையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டாரம் 2012 முதல் இருள்வான் காப்பகம், அதாவது நட்சத்திரங்கள் நன்றாகத் தெரிய விளக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தியிருக்கும் இடம்.

ஓட்டுவது நமக்குப் பழகிய இடது பக்கம்தான். கவனம் வேண்டியது ஒருவழிப் பாலங்களில். சிவப்பு வட்டத்துக்குள் உங்கள் பக்கத்து அம்பு சிறியதாகவும் சிவப்பாகவும் இருந்தால் எதிரே வரும் வண்டிக்கு நீங்கள் வழிவிட வேண்டும். நீலப் பலகையில் உங்கள் அம்பு பெரிதாக இருந்தால் உங்களுக்கு முதல் உரிமை. பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஓரம் கட்டி வழிவிடுங்கள். மேப் மூன்று மணி நேரம் என்றால் நான்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி திருநெல்வேலிக்குள்ளேயே கார் ஓட்டிப் பழகியவர் என்றால், போகுமுன் செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவு வரை சில தடவை போய் வரட்டும். நீங்களும் லைசென்ஸ் வைத்திருந்தால் இரண்டு பேர் பெயரையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

கண்ட இடத்தில் நிறுத்தித் தூங்க முடியாது. 2023-இல் வந்த சட்டப்படி, இலவச இடங்கள் பலவற்றில் நிலையாகப் பொருத்திய கழிப்பறையும் அதற்கான பச்சைச் சான்றும் உள்ள வண்டிதான் தங்கலாம். மீறினால் 400 நியூசிலாந்து டாலரும் அதற்கு மேலும் அபராதம். கழிப்பறைக் கழிவு கேசட் என்ற கழற்றி எடுக்கும் தொட்டியில் சேரும். அதை டம்ப் ஸ்டேஷன் என்ற கழிவு கொட்டும் இடத்தில் நீங்களே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். நாம் தண்ணீர் பயன்படுத்துகிறவர்கள் என்பதால் கேசட் சீக்கிரம் நிரம்பும். தினமும் காலையில் காலி செய்துவிட்டால் சங்கடமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ஹாலிடே பார்க் என்ற கட்டண முகாமில் கரண்ட் இணைப்புள்ள இடம் எடுங்கள். வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் எந்திரம், பொதுச் சமையலறை எல்லாம் இருக்கும். தாமிரபரணியில் முங்கிக் குளித்துப் பழகியவர்களுக்கு ஏரியைப் பார்த்ததும் கை பரபரக்கும். தயவுசெய்து சோப்போ பாத்திரமோ அதில் படக் கூடாது.

சமையல் தாராளமாகச் செய்யலாம், கேஸ் அடுப்பு இருக்கும். தாளிக்கும்போது சன்னலைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் புகை அலாரம் அலறும். மிக்ஸி போன்றவை கரண்ட் இணைப்புள்ள இடத்தில்தான் ஓடும். அரிசி, பருப்பு கிறைஸ்ட்சர்ச்சிலேயே வாங்கிக்கொள்ளலாம். கறிவேப்பிலை, பழம், தேன் கொண்டுபோகாதீர்கள். கம்பெனி பாக்கெட்டில் வந்த பொடிகளை, அல்வாவை, எதுவானாலும் நாட்டுக்குள் நுழையும்போது தரும் பயணி அறிவிப்பில் உணவு என்று எழுதிக் காட்டிவிடுங்கள். அல்வாவில் நெய் இருப்பதால் அதிகாரிகள் எடுத்துக்கொண்டாலும் வருந்தாதீர்கள். சொல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் அங்கேயே 400 டாலர் அபராதம். முண்டந்துறைப் பக்கம் நடந்த ஷூவைச் சேறு போகக் கழுவி எடுத்துச் செல்லுங்கள், அதையும் கேட்பார்கள்.

விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். தமிழில் இருக்கும் பட்டா, பத்திரங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். லைசென்ஸோடு ஆர்டிஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேன் கம்பெனிகள் முன்பணத்தைப் பெரும்பாலும் ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் பிடிப்பார்கள், தொகை பெரிதாக இருக்கும்; வங்கியில் சொல்லி வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, வரம்பை உயர்த்தி வையுங்கள். விபத்துக் காயத்துக்கு அந்நாட்டு அரசுத் திட்டம் பயணிகளுக்கும் உதவும், ஆனால் சர்க்கரை, பிரஷர் போன்ற நோய்ச் செலவுக்கு உதவாது. அதற்குத் தனியாகப் பயணக் காப்பீடு எடுங்கள், இருக்கும் நோய்களை மறைக்காமல் எழுதி.