லிஷு: ஓர் எழுத்துக்கு ஒரே வால்

கேள்வி: சீனத் தூரிகை எழுத்து பழகத் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது. லிஷு எழுத்துமுறையை ஒரு கைதி சிறையில் உருவாக்கினார் என்று படித்தேன். உண்மையா? எந்தக் கல்வெட்டைப் பார்த்து எழுதிப் பழகலாம்? நான் எழுதினால் எல்லாக் கோடுகளுக்கும் வால் முளைத்துவிடுகிறது.

பதில்: சீனாவின் முதல் பேரரசர் சின் ஷி ஹுவாங் சிறையில் அடைத்த செங் மியாவ் என்பவர் லிஷுவை வகுத்து, அதனாலேயே விடுதலை பெற்றார் என்பது பழங்கதை. மண்ணுக்கடியில் கிடைத்த சான்றுகள் அதை ஒப்பவில்லை. சிச்சுவானில் கிடைத்த சிங்சுவான் மரப்பலகை கி.மு. 309ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பேரரசர் அப்போது பிறக்கவே இல்லை. லிஷுவின் சாயலோ அதில் தெளிவாக இருக்கிறது.

உண்மையில் இது அலுவலகங்களில் விளைந்த எழுத்து. அதற்கு முந்தைய முத்திரை எழுத்தில் எல்லாக் கோடுகளும் ஒரே தடிமன், எங்கும் வளைவு. அழகுதான், ஆனால் நேரம் தின்னும். ஹூபேயின் ஷுய்ஹுதியில் 1975இல் அந்தப் பேரரசர் காலத்து ஓர் அதிகாரியின் கல்லறையிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் பட்டைகளை எடுத்தார்கள். ஒரு சென்டிமீட்டர் அகலம்கூட இல்லாத பட்டைகளில் சட்டங்களும் வழக்கு விவரங்களும்! இவ்வளவையும் எழுதித் தீர்க்க வேண்டியவர் வளைவுகளை நேராக்காமல் என்ன செய்வார்? 'நீர்' என்ற எழுத்தைப் பாருங்கள். முத்திரை எழுத்தில் நடுவே நெளியும் ஓடை, இருபுறமும் சிறு கோடுகள். வேறோர் எழுத்தின் இடப்பக்க உறுப்பாக வரும்போது, லிஷு அதை மூன்று புள்ளிகளாகச் சுருக்கிவிட்டது. இன்றைய சீன எழுத்திலும் அதே மூன்று புள்ளிகள்தான்.

நீங்கள் சொல்லும் வால் ஹான் காலத்தில் முழு வடிவம் பெற்றது. கி.பி. 185இல் பொறித்த சாவ் சுவான் கல்வெட்டிலிருந்து தொடங்குங்கள். பல நூற்றாண்டுகளுக்குப் பின், மிங் அரசமரபின் காலத்தில்தான் மீண்டும் வெளிப்பட்டது என்பதால் எழுத்துகள் அதிகம் தேயவில்லை; இப்போது சியான் நகரக் கல்வெட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அடுத்த ஆண்டின் சாங் சியான் கல்வெட்டு முரட்டுச் சதுரம். எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் தொடக்கத்திலேயே அதைத் தொட்டால் கை இறுகிவிடும்.

'பட்டுப்புழுவுக்கு இரண்டு தலை இல்லை, வாத்துக்கு இரண்டு வால் இல்லை' என்பது லிஷு விதி. ஓர் எழுத்தில் ஒரு கோட்டுக்கே அந்த அலங்காரம். தூரிகை நுனியைச் சற்று இடப்பக்கம் செலுத்தி மடக்கித் திருப்புங்கள், அது தலை. நடுவில் இலேசாகத் தூக்கி, வலக்கோடியில் அழுத்தி, மேல்நோக்கி மெல்ல விடுவியுங்கள், அது வால். மூன்று கிடைக்கோடுகள் கொண்ட 'மூன்று' என்ற எழுத்தை மட்டும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். அடிக்கோட்டுக்கு மட்டுமே வால். மேலிரண்டில் அது எட்டிப்பார்த்தால் அடுத்த தாளை எடுங்கள்.