மகள் தலையில் ஒரு பட்டை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மகள் பிளஸ் டூ, நீட்டுக்கும் படிக்கிறாள். புத்தகம் திறந்தே இருக்கிறது, மனசு எங்கே என்று தெரியவில்லை. மூளையின் மின்சாரத்தையும், ஒளியைப் பாய்ச்சி ரத்த ஓட்டத்தையும் சேர்த்து அளக்கும் தலைப்பட்டை வந்திருக்கிறது, ‘மியூஸ் எஸ் அதீனா’ என்று பெயர். டொரண்டோவில் இருக்கும் என் மச்சான் வாங்கி அனுப்புகிறேன் என்கிறார். அவள் உண்மையாகவே படிக்கிறாளா என்று அதில் தெரியுமா? தலைக்குள் ஒளி போவது கெடுதலா?

ஒரு தகப்பன், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

கெடுதல் இல்லை. சித்திரை வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் அதைவிட அதிகமான அகச்சிவப்பு ஒளி தலையில் இறங்கும். மச்சானின் காசு அவர் பாடு.

உங்கள் கடிதம் வந்தபோது நான் ஹான்ஸ் பெர்கரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் யேனா நகரத்து மனநல மருத்துவர். இளம் வயதில் பட்டாளத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து பீரங்கி வண்டியின் முன்னால் விழுந்து, மயிரிழையில் பிழைத்தார். அன்றைக்கே வீட்டிலிருந்து தந்தி வருகிறது, நலமா என்று கேட்டு. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவருடைய சகோதரி பதறியதால் அப்பா அடித்த தந்தி. ஒரு மனசிலிருந்து இன்னொரு மனசுக்கு ஏதோ போகிறது, அதை அளந்தே தீருவது என்று கிளம்பிவிட்டார் மனிதர். முதலில் ரத்தத்தைப் பிடித்தார். மண்டை ஓட்டில் திறப்பு விழுந்த நோயாளிகளிடம் மூளையின் துடிப்பை அளந்தார். வெப்பத்தை அளந்தார். தேடியது அகப்படவில்லை. அப்புறம்தான் மின்சாரம். 1924-ல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். கட்டுரையாக வெளியிட 1929 ஆயிற்று.

அவர் ஒன்றை விட்டு ஒன்றாகப் போன இரண்டு வழிகளும் இப்போது ஒரே பட்டையில் இருக்கின்றன. தோலைத் தொடும் உணரிகள் சில பத்து மைக்ரோவோல்ட் மின்னழுத்தத்தை எடுக்கின்றன. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றமும் தெரியும், ஆனால் எந்த இடத்திலிருந்து வந்தது என்பது மங்கல். ஒளிக்கு இடம் கொஞ்சம் தெளிவு, ஆனால் தாமதம். ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் ஒளியை வேறு வேறு மாதிரி உறிஞ்சுவதை வைத்து அளக்கிறார்கள். மூளை வேலை செய்த இடத்துக்கு ரத்தம் பெருகி வர ஐந்தாறு நொடி ஆகும். கொரோனா நாட்களில் விரலில் மாட்டிக்கொண்ட ஆக்சிமீட்டருக்கும் இதே அடிப்படைதான். கறுத்த தோலில் அது சில சமயம் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று 2020-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு காட்டியது. தலையிலும் கறுத்த தோலும் அடர்ந்த முடியும் ஒளியை விழுங்கும். யாருடைய நெற்றியை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று மச்சானை விசாரிக்கச் சொல்லுங்கள்.

சரி, பெர்கருக்கும் ஒரு மகள் இருந்தாள். இல்ஸே. அவள் தலையிலும் கம்பியைப் பொருத்தி மனக்கணக்குப் போடச் சொன்னார். கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது எழும் மின்னலைக்கு ஆல்ஃபா என்று பெயர். கணக்குப் போடும்போது அந்த அலை தணிந்தது. அவ்வளவுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்தாலும் அதே அலை தணியும். திடுக்கிட்டாலும் தணியும். தணிந்தது தெரியும், எதற்காக என்பது தாளில் இருக்காது. வாசலில் இருக்கும் இபி மீட்டர் வேகமாக ஓடினால் உள்ளே கிரைண்டரா ஏசியா என்று அதுவா சொல்லும்? உங்கள் மகள் இயற்பியலில் மூழ்கியிருக்கலாம், கோச்சிங் பீஸுக்கு அப்பா எங்கே கடன் வாங்கினார் என்றும் மூழ்கியிருக்கலாம். இரண்டுமே கவனம்தான் ஐயா. பட்டையோடு வரும் செயலி இரண்டுக்கும் ஒரே மாதிரி மதிப்பெண் போட்டுவிட்டுப் போகும்.

சீனாவில் ஜின்ஹுவா நகரத்துத் தொடக்கப்பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு இப்படிப் பட்டை மாட்டினார்கள், மின்சாரத்தை மட்டும் அளப்பது. யாருக்குக் கவனம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று நெற்றியில் விளக்கு எரிந்தது. 2019-ல் ஊரே திட்டியபிறகு நிறுத்தினார்கள். நீங்கள் அதையே வீட்டுக்குள் செய்யப் பார்க்கிறீர்கள். வெட்கமாக இல்லையா?

என் அக்காவுக்குச் சின்ன வயதில் வலிப்பு வரும். எண்ணெய் வைக்காமல் தலைகுளித்து வரச் சொல்லி இஇஜி எடுத்தார்கள், பெர்கர் எடுத்த அதே மின்னலைப் பதிவுதான். பிசின் மாதிரி எதையோ தடவித் தலை முழுக்க ஒயர். கண்ணை மூடும்மா, திற, மூடு. காகிதத்தில் பேனாக்கள் ஓடின. அம்மா பேனாக்களை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் அக்கா சொன்னாள், ‘நான் நினைச்சதெல்லாம் அதுல வந்திருக்குமா? டாக்டரைத் திட்டிக்கிட்டே இருந்தேன்.’ டாக்டர் பார்த்தது வலிப்பின் கூர்முனைகளை. அதற்கு மாத்திரை இருந்தது. திட்டு அவளிடமே பத்திரமாக இருந்தது.

கருவியைக் குறை சொல்லவில்லை. குறைமாதக் குழந்தையின் மூளையைப் படுக்கையிலேயே வைத்துக் கவனிக்க மின்சாரமும் ஒளியும் சேர்ந்த முறையை ஆராய்கிறார்கள். மண்டை ஓடு மெல்லியது, முடியும் குறைவு, வாய் பேச வராது. அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை. உங்கள் மகளுக்கு வாய் இருக்கிறது. படிப்பு எப்படிப் போகிறது என்று அவளிடம் கேட்டீர்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரி இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

மச்சான் ஏற்கெனவே வாங்கிவிட்டார் என்றால் பட்டை வரட்டும். அவளுக்குப் பிடித்தால் தூக்கத்துக்கோ தியானத்துக்கோ மாட்டிக்கொள்ளட்டும். செயலி அவள் போனில் இருக்கட்டும், பாஸ்வேர்டும் அவளே வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் கேட்க வேண்டாம்.