பழைய கார், பலமான கியர்பாக்ஸ்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: வணக்கம் சார். என்னிடம் இருப்பது 1966 ஃபோர்டு மஸ்டாங். பழைய எஞ்சினை எடுத்துவிட்டு 347 கன அங்குல ஸ்ட்ரோக்கர் (பிஸ்டன் ஓட்டம் கூட்டிய) வி8 போட்டிருக்கிறேன், டார்க் (முறுக்கு விசை) சுமார் 400 பவுண்டு-அடி. கியர்பாக்ஸ் 1989 மஸ்டாங்கிலிருந்து கழற்றிய டி5. போன மாதம் மூன்றாவது கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தபோது பல் போய்விட்டது. பின் ஆக்ஸில் ரேஷியோ 3.50. ஐந்து கியரும் ஓவர்டிரைவும் (நெடுஞ்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுற்றவிடும் உயர் கியர்) வேண்டும், இனி உடையக் கூடாது. எதை வாங்கலாம்? டி56 மேக்னம்தான் பலம் என்கிறார்கள், உண்மையா?

பதில்: முதலில் உடைந்த பாக்ஸைப் பார்ப்போம், அதிலேயே பாதி விடை இருக்கிறது. 1985 முதல் 1989 வரை மஸ்டாங் வி8-களில் வந்த டி5-இன் மதிப்பீடு, அதாவது அது தாங்கும் டார்க், 265 பவுண்டு-அடி. 1990 முதல் 1993 வரை வந்தது 300. அதற்குப் பிறகு வந்த 'இசட் ஸ்பெக்' டி5 கூட 330-தான். உங்கள் எஞ்சின் 400 தள்ளுகிறது. இத்தனை நாள் அது தாங்கியதே பெரிய விஷயம்.

மூன்றாவது கியர் போனதும் தற்செயல் இல்லை. சாய்வான பல் கொண்ட இரண்டு சக்கரங்கள் சுமையில் சுற்றும்போது ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். ஷாஃப்டின் இரண்டு முனையிலும் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கிறது, நடுவில் பிடிப்பு இல்லை, அதனால் அங்கேதான் ஷாஃப்ட் அதிகம் வளையும், மூன்றாவது கியரும் முனையை விட்டு உள்ளே தள்ளித்தான் இருக்கிறது, அலுமினிய கேஸும் சேர்ந்து கொஞ்சம் நெகிழும். அப்போது பல் முழு உயரத்துக்கும் கடிக்காமல் நுனியில் மட்டும் கடிக்கிறது. அந்த நுனி எவ்வளவு நேரம் தாங்கும்? அதே அளவு கேஸுக்குள் வெறும் கியர் செட்டை மட்டும் பலமானதாக மாற்றினால் கொஞ்சம் தேறும், ஆனால் உங்கள் டார்க்குக்கு அதில் பணம் போட வேண்டாம் என்பேன். இரண்டு ஷாஃப்டுக்கும் இடைவெளி அதிகமாக, சக்கரங்கள் பெரிதாக, அகலமாக இருக்கிற வேறு பாக்ஸ்தான் வேண்டும்.

அந்த இடத்தில் இன்று முதலில் பார்க்க வேண்டியது ட்ரெமெக் கம்பெனியின் டிகேஎக்ஸ் என்ற ஐந்து கியர் பாக்ஸ். டிகேஓ 500, டிகேஓ 600 வரிசைக்கு அடுத்து வந்தது. மதிப்பீடு 600 பவுண்டு-அடி, அதாவது ஏறக்குறைய 813 நியூட்டன் மீட்டர். டி56 மேக்னம் 700 தாங்கும், ஆறு கியர், அருமையான பாக்ஸ், மறுப்பதற்கில்லை. ஆனால் அது உருவத்தில் பெரியது, கனமும் அதிகம், 1966 மஸ்டாங்கின் டனலுக்குள் (தரையில் பாக்ஸுக்காக மேடாக விட்டிருக்கும் இடம்) நுழைய வேண்டுமென்றால் தரைத் தகட்டை வெட்டி மேலே உயர்த்தி வெல்டிங் செய்ய வேண்டும். 400 பவுண்டு-அடிக்காக அந்த உடம்பை வெட்டுவது எனக்குச் சம்மதமில்லை. டிகேஎக்ஸை பழைய கார்களின் குறுகிய டனலை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். அங்கங்கே தட்டிச் சரிசெய்ய வேண்டி வரலாம், அதோடு முடியும்.

இனிதான் முக்கியமான இடம். டிகேஎக்ஸ் என்று மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள், எந்த ரேஷியோ (பாக்ஸின் வெளி ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற எண்) என்று கேட்டு வாங்குங்கள். முதல் கியர் 3.27 உள்ளது ஒன்று, அதன் ஐந்தாவது 0.72. முதல் கியர் 2.87 உள்ளதில் ஐந்தாவது 0.81, 0.68 என்று இரண்டு வகை.

முதல் கியர் ரேஷியோவை பின் ஆக்ஸில் ரேஷியோவால் பெருக்கிப் பாருங்கள். 10-ஐ ஒட்டி வந்தால் சாலை காருக்கு நன்றாக இருக்கும். உங்கள் 3.50-க்கு, 2.87 போட்டால் 10.05. 3.27 போட்டால் 11.4. நிறைய டார்க் உள்ள எஞ்சினோடு 11.4 என்றால் முதல் கியர் கண் மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும், சிக்னலில் கிளம்பிய கையோடு இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியதுதான். அப்புறம் இன்னொரு விஷயம், 3.27 என்பது பின் ஆக்ஸிலுக்குப் போகும் டார்க்கை 2.87-ஐ விட 14 சதவீதம் கூட்டும். உங்கள் காரில் இருப்பது அந்தக் காலத்து 8 அங்குல ஆக்ஸிலாக இருந்தால், கியர்பாக்ஸ் பலமான பிறகு அடுத்து உடையும் இடம் அதுதான். அதனால் 2.87 என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஐந்தாவது கியருக்கு ஒரு சின்னக் கணக்கு. டயர் விட்டம் 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு 816 சுற்று சுற்றும். 3.50-ஆல் பெருக்கினால், ரேஷியோ 1.00 உள்ள நான்காவது கியரில் எஞ்சின் 2,857 ஆர்பிஎம். 0.81 போட்டால் 2,314. 0.68 போட்டால் 1,943. எண்ணைப் பார்த்தால் 0.68 ஆசை காட்டும், ஆனால் ஸ்ட்ரோக்கர் எஞ்சினில் பெரிய கேம் (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் ஷாஃப்ட்) போட்டிருந்தால் 2,000-க்குக் கீழே அது ஒழுங்காக இழுக்காது, உதறும், லேசான ஏற்றத்திலேயே நான்காவதுக்கு இறங்க வேண்டி வரும். உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: உடைந்த டி5-இலும் ஐந்தாவது 0.68-தான். அதில் 100-இல் போனபோது எஞ்சின் சுகமாக ஓடியதா, திணறியதா என்று உங்களுக்கே தெரியும். சுகமாக ஓடியதென்றால் 0.68, திணறியதென்றால் 0.81. இதற்கு மேல் நல்ல சோதனை கிடையாது.

கூட வாங்க வேண்டியவை: டி5-இன் இன்புட் ஷாஃப்ட் 10 ஸ்ப்ளைன் (ஷாஃப்டின் மேலுள்ள நீளவாக்குப் பற்கள்), டிகேஎக்ஸில் 26, ஆகவே கிளட்ச் பிளேட் மாறும். பின்புறம் 28-க்குப் பதில் 31 ஸ்ப்ளைன், ஆகவே ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் முன் யோக் (பாக்ஸுக்குள் நுழையும் முனை) மாறும். ஷாஃப்ட் நீளத்தை பாக்ஸைப் பொருத்தி, கார் தன் சக்கரத்தில் நிற்கும்போது அளந்த பிறகே வெட்டக் கொடுங்கள், யாரோ கொடுத்த அளவை நம்பி முன்கூட்டியே வெட்டாதீர்கள். ஸ்பீடோமீட்டருக்கு கேபிள், எலக்ட்ரானிக் இரண்டுக்கும் டிகேஎக்ஸில் இடம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். டயர் என்ன போட்டிருக்கிறீர்கள்? வழுக்கும் டயர் ஒரு ஃபியூஸ் மாதிரி, அதிர்ச்சி வரும்போது அது சுழன்று பாக்ஸைக் காப்பாற்றும். ஒட்டிப் பிடிக்கிற டயரைப் போட்டு, எஞ்சின் வேகத்தை ஏற்றி வைத்துக்கொண்டு கிளட்சை டக்கென்று விட்டால், எஞ்சின் டார்க்கோடு பிளைவீலின் வேகமும் சேர்ந்து பாக்ஸின் மேல் விழும். 600 என்ற மதிப்பீடு அதற்காகப் போட்டதில்லை.

கேள்வி: புதிய ஐந்து கியர் பாக்ஸ் போட்டாயிற்று. மெதுவாக ஓட்டினால் வெண்ணெய். 5,000 ஆர்பிஎம்முக்கு மேல் இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக மறுக்கிறது, கரகரவென்று சத்தம். பாக்ஸில் குறையா?

பதில்: பாக்ஸைத் திருப்பி அனுப்பும் முன் பெல்ஹவுசிங்கை, அதாவது எஞ்சினையும் பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவ உறையை, பாருங்கள். பழைய எஞ்சினுக்கும் புதிய பாக்ஸுக்கும் நடுவே அது கொஞ்சம் மையம் விலகி நின்றால், இன்புட் ஷாஃப்ட் பக்கவாட்டில் அழுத்தப்பட்டுச் சுற்றும், சின்க்ரோ (கியர் மாறும்போது வேகங்களை ஒன்றாக்கும் வளையம்) வேலை செய்ய முடியாது, பைலட் பேரிங்கும் (இன்புட் ஷாஃப்டின் முன் நுனியைத் தாங்கும் பேரிங்) தேயும்.

பாக்ஸையும் கிளட்சையும் கழற்றிவிட்டு, டயல் கேஜின் காந்தக் காலை பிளைவீலில் ஒட்டவைத்து, முள்ளின் நுனி பெல்ஹவுசிங்கின் பின்புறப் பெரிய துளையின் உள்விளிம்பைத் தொடும்படி வையுங்கள். கிராங்கை கையால் ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த அசைவில் பாதிதான் மைய விலகல். அது 0.005 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதிகமிருந்தால் எஞ்சின் பிளாக்கில் உள்ள டவல் பின்களை (பெல்ஹவுசிங்கைச் சரியான இடத்தில் நிறுத்தும் ஊசிகள்) எடுத்துவிட்டு ஆஃப்செட் (மையம் விலகிய) டவல் பின் போட்டுச் சரிசெய்யலாம், 0.007, 0.014, 0.021 அங்குல அளவுகளில் கிடைக்கும். பொறுமையான வேலைதான், ஆனால் தவிர்க்கக் கூடாத வேலை.

மையம் சரியாக இருந்தும் சத்தம் வந்தால் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. பின் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, கிளட்சை முழுதும் மிதித்து, எஞ்சினை ஐடிலில் விட்டு முதல் கியர் போடுங்கள். சக்கரம் விடாமல் சுற்றினால், பிரேக்கை லேசாகத் தொட்ட பிறகும் மீண்டும் சுற்றக் கிளம்பினால், லிங்கேஜிலோ ஹைட்ராலிக்கிலோ கிளட்சைத் தள்ளும் தூரம் போதவில்லை என்று பொருள். ஆயிலையும் பாருங்கள், தயாரிப்பாளர் சொன்னதைத்தான் ஊற்ற வேண்டும். கெட்டியான கியர் ஆயில் நல்லது என்று பழக்கத்தில் ஊற்றினால் இந்த சின்க்ரோக்கள் வேலை செய்யாது.

கேள்வி: பழைய டி5 ஒன்று கைக்கு வருகிறது. 'வேர்ல்டு கிளாஸ்' என்கிறார் விற்பவர். எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: முன்பக்கம், இன்புட் ஷாஃப்டுக்குக் கீழே கவுன்டர் ஷாஃப்ட் பேரிங் இருக்கும் இடத்தைப் பாருங்கள். தட்டையான ஸ்டீல் ரேஸ் (பேரிங்கின் வெளி வளையம்) தெரிந்தால் வேர்ல்டு கிளாஸ், அதாவது டி5-இன் பிந்தைய, மேம்பட்ட வகை. எஞ்சின் பிளாக்கில் இருக்கும் குழிந்த மூடிபோல ஒன்று தெரிந்தால் அதற்கு முந்தையது. பின் ஹவுசிங் போல்ட்டில் 1352 என்று தொடங்கும் எண் கொண்ட சின்ன உலோகத் தகடு இருக்கும், அந்த எண்ணை வைத்து எந்தக் காரின் பாக்ஸ், என்ன ரேஷியோ என்று தேடிவிடலாம். தகடு இல்லையென்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.

கேள்வி: எம்ஜிபி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருக்கிறேன். லேகாக் ஓவர்டிரைவ் (பாக்ஸின் பின்னால் பொருத்திய, சுவிட்சில் இயங்கும் கூடுதல் கியர்) சில நாள் விழுகிறது, சில நாள் விழுவதில்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஃபோர்டு டைப் 9 ஐந்து கியர் பாக்ஸ் போட்டுவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விட்டுவிட்டு வேலை செய்கிறது என்றாலே முதல் சந்தேகம் மின்சாரம். பாக்ஸின் மேலுள்ள இன்ஹிபிட்டர் சுவிட்ச் (கீழ் கியர்களில் ஓவர்டிரைவைத் தடுப்பது), சோலனாய்டு (மின்சாரத்தால் அதை இயக்கும் காயில்), ஒயர் இணைப்புகள், எர்த், அப்புறம் ஆயில் அளவு, ஃபில்டர். அந்தக் காரில் பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில், அதுவும் 20டபிள்யூ-50 எஞ்சின் ஆயில். உராய்வைக் குறைக்கும் பொருள் கலந்த எதையாவது யாராவது ஊற்றியிருந்தால் உள்ளே இருக்கும் கோன் கிளட்ச் வழுக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்து, எண்ணெய் அழுத்தம் அளந்தும் குறைவாக இருந்தால் மட்டும் கழற்றுவதைப் பற்றிப் பேசலாம். எம்ஜிபியில் பாக்ஸை எடுக்க எஞ்சினையும் சேர்த்து வெளியே எடுக்க வேண்டும், ஒரு சுவிட்சுக்காக அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். பலம் வேண்டும் என்பதற்காக என்றால், உங்கள் எஞ்சின் கம்பெனி போட்டபடியே இருக்கும் வரை லேகாக் தாராளமாகத் தாங்கும்.