கன்சாஸ் நிலத்துக்கு சிஆர்பி பணம் வராதது ஏன்?

மார்ச்சில் கன்சாஸில் சிஆர்பி ஒப்பந்தம் உள்ள நிலத்தை வாங்கினேன், பக்கத்து நிலக்காரருக்கு அக்டோபரில் பணம் வந்தும் எனக்கு வரவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். சிஆர்பி என்பது நிலத்தில் பயிர் செய்யாமல் புல் போன்றவற்றை வளர்த்துப் பாதுகாக்க அமெரிக்க அரசு ஆண்டுதோறும் பணம் தரும் திட்டம். நிலம் உங்கள் பேருக்கு மாறிவிட்டது என்பதால் பணம் தானாக உங்களுக்கு வராது, ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் போகும். பக்கத்து நிலக்காரருக்கு அக்டோபரில் வந்து உங்களுக்கு வராததற்கு அநேகமாக இதுதான் காரணம்: மார்ச்சில் வாங்கினீர்கள், ஆனால் பழைய ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்துப் போடவில்லை.

உங்கள் கவுன்டியில் (மாவட்டத்தில்) இந்தத் திட்டத்தை நடத்தும் அமெரிக்க விவசாயத் துறையின் எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்குப் போன் போட்டு, சிஆர்பி-1 என்ற ஒப்பந்தப் படிவத்தின் நகலைக் கேளுங்கள். அதில் யார் பெயர், எத்தனை சதவீதப் பங்கு என்று பாருங்கள். உங்கள் பெயர் இருந்தும் பணம் வரவில்லை என்றால், மண் அரிப்பு, ஈரநிலப் பாதுகாப்பு விதிகளைக் கடைப்பிடிப்பதாக உறுதி தரும் ஏடி-1026 படிவமும், சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டவில்லை என்று சொல்லும் சிசிசி-941 படிவமும் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வங்கிக் கணக்கு விவரம் கொடுக்க மறந்தவர்களும் உண்டு, அதையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

நிலம் கைமாறினால் ஒப்பந்தத்தை ஏற்கப் பொதுவாக 60 நாள்தான் அவகாசம், அது தாண்டினால் ஒப்பந்தமே ரத்தாகி, விற்றவர் இதுவரை வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். அதனால் அவரிடமும் பேசிவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் எச்-1பி விசாவில் இருப்பதாக எழுதியிருந்தீர்களே, கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் இந்தப் பணத்தைப் பெற நிலமும் முதலும் போட்டால் மட்டும் போதாது, தன் உழைப்பையும் கணிசமாகப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே இதை அலுவலகத்தில் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். அதுவரை புல்லை வெட்டவோ மாடு மேய்க்கவோ விடாதீர்கள்.