மூன்றாம் முறை எஸ்.ஏ.டி. எழுதுவதற்கு முன்

அன்புள்ள சகோதரிக்கு,

கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள டாலஸ் பகுதிக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது என்றும், பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் மகள் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்காக டிசம்பரில் எழுதிய எஸ்.ஏ.டி. தேர்வில் 1600க்கு 1390, மார்ச்சில் மீண்டும் எழுதியபோது 1420 பெற்றாள் என்றும் எழுதியிருந்தீர்கள். மூன்றாம் முறையும் எழுதச் சொல்லலாமா, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைப் போல இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டுமா என்பவை உங்கள் கேள்விகள். என் பிள்ளைகளும் இந்தப் பகுதிப் பள்ளிகளில் படித்தே கல்லூரிக்குப் போனவர்கள் என்பதால், அறிந்ததைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்குக் கட்-ஆஃப் ஆக்கி, தரவரிசைப்படி கலந்தாய்வுக்கு அழைக்கும் முறையில் வளர்ந்தவர்கள் நாம். அங்கே அரை மதிப்பெண் கூடினால்கூடக் கல்லூரி மாறிவிடும். அந்தக் கணக்கை இங்கே பொருத்திப் பார்ப்பதால்தான் நம் வீடுகளில் எஸ்.ஏ.டி. தேர்வுக்கு இத்தனை பதற்றம் உண்டாகிறது. இங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 1480க்கு இடம் உண்டு, 1470க்கு இல்லை என்று எவரும் கோடு கிழிப்பதில்லை. நான்காண்டு உயர்நிலைப் பள்ளியில் எவ்வளவு கடினமான பாடங்களை எடுத்தாள், அவற்றில் எப்படித் தேறினாள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தேர்வு மதிப்பெண் அதற்குத் துணைச் சான்று. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறது என்பதையும், சேர்ந்த மாணவர்களின் மதிப்பெண் வரம்பையும் 'காமன் டேட்டா செட்' என்னும் ஆவணத்தில் ஆண்டுதோறும் வெளியிடும் வழக்கம் உண்டு. உறவினர் சொல்லும் எண்ணைவிட அந்த ஆவணத்தை நம்புங்கள்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, எஸ்.ஏ.டி.யைவிட அவசரமானது வகுப்பில் அவள் நிற்கும் இடம். 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, டெக்சஸ் பள்ளிகளில் முதல் 10 விழுக்காட்டில் தேறுவோருக்கு இம்மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தனி வரம்பு உண்டு, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து அது முதல் 5 விழுக்காடு. அந்தத் தரவரிசை பதினொன்றாம் வகுப்பு முடியும்போது உள்ளதை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அதாவது இன்னும் சில வாரங்களில். இடையில் வந்து சேரும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கே ஏ.பி., ஹானர்ஸ் என்னும் கடினமான வகுப்புகளுக்குக் கூடுதல் எடை தந்து ஜி.பி.ஏ. என்னும் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிடுவார்கள். இந்தியாவில் படித்த ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடங்களுக்கு அந்த எடை கிடைக்காமல் போனால், முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைகூடத் தரவரிசையில் பின்தங்கிவிடும். அந்தப் பாடங்களை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்று பள்ளிக் கவுன்சிலரிடம் இப்போதே கேளுங்கள். முதல் 10 விழுக்காட்டுக்குள் அவள் வந்துவிட்டால், டெக்சஸ் ஏ அண்ட் எம், ரிச்சர்ட்சனில் உள்ள டாலஸ் டெக்சஸ் பல்கலைக்கழகம் போன்றவற்றில் அவளுக்கு இடம் உறுதியாகிவிடுகிறது. ஆனால் உறுதியாவது பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் மட்டுமே. கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளுக்குத் தனிப் போட்டி நடக்கும். 'ஆட்டோ அட்மிட்' என்று கேட்டவுடன் நிம்மதியடையும் பெற்றோர் பலரும் இதைக் கவனிப்பதில்லை.

இனி மூன்றாம் தேர்வுக்கு வருகிறேன். கணிதத்தில் இரண்டு முறையும் 750ஐ ஒட்டியும், வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 650, 670 என்றும் பெற்றிருக்கிறாள் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். இப்போதைய எஸ்.ஏ.டி. கணினியில் நடக்கும் 2 மணி 14 நிமிடத் தேர்வு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. ஒவ்வொரு பகுதியும் இரண்டு கூறுகளாக வரும்; முதல் கூறில் எப்படிச் செய்கிறாளோ அதற்கேற்ப இரண்டாம் கூறின் கடினம் அமையும். ஆகவே முதல் கூறில் அவசரத்தில் விடும் பிழைகள் மதிப்பெண்ணை வெகுவாகக் கட்டுப்படுத்திவிடும். 'புளூபுக்' செயலியில் இலவசமாகக் கிடைக்கும் முழு மாதிரித் தேர்வுகளை நேரக் கணக்கோடு எழுதச் சொல்லி, எவ்வகை வினாக்களில் தவறுகிறாள் என்று பிரித்துப் பாருங்கள். இலக்கண, நிறுத்தற்குறி வினாக்களில் தவறினால் இரண்டு மாதப் பயிற்சியில் அது சரியாகும். கான் அகாடமியின் இலவசப் பாடங்களே அதற்குப் போதும். நுட்பமான பத்திகளைப் புரிந்துகொள்வதில் தடுமாறினால், அது ஆண்டுக்கணக்கான வாசிப்பில் மட்டுமே தேறும் திறன். எத்தனை முறை தேர்வு எழுதினாலும் அது வளராது.

மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து 1480, 1500 என்று வந்தால் ஆகஸ்டில் மூன்றாம் முறை எழுதட்டும். பல பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு தேதிகளில் பெற்றவற்றுள் பகுதிவாரியாக உயர்ந்ததை எடுத்துக் கூட்டிக்கொள்கின்றன என்பதால், அவள் வாசிப்புப் பகுதியில் மட்டும் முழுக் கவனம் செலுத்தலாம். ஜார்ஜ்டவுன் போல எல்லா மதிப்பெண்களையும் அனுப்பக் கேட்கும் இடங்களும் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மாதிரித் தேர்வுகளிலும் 1420ஐ ஒட்டியே நின்றால், அந்தக் கோடையைக் கட்டுரைகளுக்குக் கொடுப்பதே நல்லது.

அவள் விண்ணப்பிக்கும் கல்லூரிகளின் பட்டியலைப் பொறுத்தே தேர்வின் மதிப்பும் மாறும் என்பதால், பட்டியல் முதலில், தேர்வு பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒன்பது வளாகங்களுக்கும் எஸ்.ஏ.டி. மதிப்பெண் தேவையே இல்லை, அனுப்பினாலும் சேர்க்கைக்குப் பார்ப்பதில்லை. எம்.ஐ.டி. 2022இலும், டார்ட்மவுத், யேல், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை 2024இலும் தேர்வைக் கட்டாயமாக்கும் முடிவுக்குத் திரும்பிவிட்டன, ஆஸ்டினும் அப்படியே. அலபாமா பல்கலைக்கழகம் ஜி.பி.ஏ.வையும் தேர்வு மதிப்பெண்ணையும் அட்டவணையாக்கி உதவித்தொகை தருகிறது. அத்தகைய இடங்களில் மட்டும் நம் கட்-ஆஃப் கணக்கு உண்மையிலேயே செல்லும், சில பத்து மதிப்பெண்கள் கூடினால் தொகை ஒரு படி உயரும். அவள் பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால், மூன்றாம் தேர்வுக்கு அதுவே வலுவான காரணம்.

இருபது கல்லூரிகள் என்னும் எண் தற்செயலானதல்ல. பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விண்ணப்பிக்க உதவும் 'காமன் ஆப்' தளம் அனுமதிக்கும் மேல்வரம்பே அதுதான். லாட்டரிச் சீட்டு நிறைய வாங்கினால் ஒன்றாவது விழும் என்ற எண்ணத்தில்தான் பலரும் அந்த வரம்பைத் தொடுகிறார்கள். ஆனால் சீட்டுகள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை, விண்ணப்பங்கள் அப்படியல்ல. அதே மதிப்பெண்கள், அதே 650 சொல் கட்டுரை, அதே ஆசிரியர் கடிதம்தான் எல்லா இடங்களிலும் படிக்கப்படுகின்றன. ஓரிடத்தில் குறையாகத் தெரிவது மற்ற இடங்களிலும் குறையாகவே தெரியும். மேலும் போட்டி மிகுந்த கல்லூரிகள் தனித்தனியே துணைக் கட்டுரைகள் கேட்கும். ஒன்றுக்கு இரண்டு என்று வைத்தாலும் இருபதுக்கு நாற்பது. பன்னிரண்டாம் வகுப்பின் முதல் பருவப் பாடங்களோடு நாற்பது கட்டுரைகளை ஒரு பதினேழு வயதுப் பெண் எழுதினால், எட்டாவதுக்குப் பிறகு கல்லூரியின் பெயரை மட்டும் மாற்றி ஒட்டிய கட்டுரைகளே வரும், அதைப் படிப்பவர் உடனே கண்டுகொள்வார். எட்டு முதல் பத்து போதும் என்பது என் உறுதியான கருத்து. அவற்றுள் குறைந்தது இரண்டு கல்லூரிகள், இடமும் உறுதியாக, கட்டணமும் உங்களால் கட்டக்கூடியதாக, அவளும் மனம் ஒப்பிச் சேரக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த இரண்டையும் முதலில் தேடுங்கள். உயர்ந்த பெயர்களைச் சேர்க்க யாருடைய உதவியும் தேவைப்படாது.

கட்டணம் என்று சொல்லும்போது உங்கள் விசாவைப் பேசாமல் இருக்க முடியாது. எச்-4இல், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருக்கும் பிள்ளைக்கு ஃபாஃப்சா என்னும் விண்ணப்பத்தின் வழியாகக் கிடைக்கும் மத்திய அரசு உதவி கிடையாது. பல தனியார் பல்கலைக்கழகங்கள் அவளை உதவித்தொகைக்காக வெளிநாட்டு மாணவியாகவே கணக்கிடும். அவற்றுள் பலவற்றில் உதவி கேட்பதே சேர்க்கை வாய்ப்பைக் குறைக்கக்கூடும். குடியுரிமை பாராமல், உதவி கேட்டதற்காகத் தள்ளாமல், முழுத் தேவையையும் ஈடுசெய்பவை ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., டார்ட்மவுத் போன்ற மிகச் சிலவே, அங்கே இடம் கிடைப்பது எவருக்கும் அரிது. வெளிமாநிலத்தவர் கலிஃபோர்னியா வளாகங்களில் படித்தால் ஆண்டுச் செலவு 70,000 டாலரைத் தாண்டும். மாறாக டெக்சஸில் 12 மாதங்கள் நிலையாகக் குடியிருந்தவர்கள் எச்-1பி, எச்-4 விசாவில் இருந்தாலும், உரிய சான்றுகளோடு உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். இந்த ஒரு வேறுபாடே பட்டியலில் பாதியை முடிவுசெய்துவிடும். இதே காரணத்தால், இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்று பெற்றோரும் கையொப்பமிடும் 'எர்லி டிசிஷன்' முறையை, முழுக் கட்டணத்தையும் கட்ட இயலாத குடும்பங்கள் தவிர்ப்பது நல்லது. பிற கல்லூரிகள் தரும் உதவியை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு அதில் போய்விடுகிறது. அவளுக்கு 21 வயது நிறையும்போது எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேரிட்டால் கட்டண வகை மாறுமா என்பதையும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பள்ளி மூடுவதற்குள் கவுன்சிலரைச் சந்தித்து, தரவரிசை எங்கே நிற்கிறது, இந்தியப் பாடங்கள் எப்படிக் கணக்கில் வந்தன என்னும் இரண்டையும் தெரிந்துகொண்டு எனக்கு எழுதுங்கள். மாதிரித் தேர்வு மதிப்பெண்களும் கூடவே இருந்தால், ஆகஸ்டுத் தேர்வுக்குப் பதிவுசெய்வதா வேண்டாமா என்பதை உங்கள் மகளையும் உட்காரவைத்துப் பேசி முடிவுசெய்யலாம்.